ஓநாய் மாணிக்கராஜின் முகம்

"கோலார் தங்கவயல்ல ஒரு தமிழ்ப் படம் போட்டாங்களாம். ஓநாய் மனுசன் கதை. கடைசில அந்த ஓநாயோட மூஞ்சி தெரிய ஆரம்பிச்சதும் கொட்டகையே எழுந்து வெளியே போயிருச்சாம். பயந்து இல்லலா, பொறுக்க முடியாம!"

இங்கிலாந்தில், கவன்ட்ரியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் இதைச் சொல்லிச் சிரித்தவர் பெரியசாமி. மலேயாவில் ஈப்போக்காரர். அவர் நேரில் கண்டதல்ல. சிங்கப்பூரில் ஒரு சிநேகிதர் சொன்னாராம். அந்தச் சிநேகிதருக்கு மதராஸிலிருந்து வந்த யாரோ சொன்னாராம். எங்கள் பஸ் நிறுத்தத்தில் புதிதாக ஒரு ஓநாய் மனிதன் படத்துக்குச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை வண்ணத்தில் மறுபடி எடுத்திருக்கிறார்களாம். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பேச்சு எங்கள் ஊருக்கு வந்து நின்றது.

"நீங்க அந்தப் பக்கம்தானே? கேள்விப்பட்டதில்ல?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன். தட்டில் முட்டைக்கோஸ் ஆறிக்கொண்டிருந்தது. அந்த ஓநாய் என் அக்காள் லீலாவின் புருஷன் என்பதை எந்த வாயால் சொல்வது?

மாணிக்கராஜ் மாமா சுரங்க லைன் வீட்டில் பிறந்தவர். மூங்கில் தட்டியும் தகரமுமாக வரிசையாய் நிற்கும் வீடுகள். அவர் அப்பா ஷாஃப்டில், அந்தச் செங்குத்துக் குழியில், இறங்கினார், அவரும் இறங்கினார், தம்பி சாம்ராஜும் இறங்கினான். மாமா டிம்பர்மேன்: குடைந்த இடத்தில் மேற்பாறை இறங்கிவிடாமல் மரம் நிறுத்தி முட்டுக் கொடுக்கிற வேலை. ஆழத்தில் பாறையே கொதிக்கும். இடுப்புத் துணியோடு வேலை செய்வார்கள். நடு நடுவே நின்று, பாறையில் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்பார்கள். பாறை பேசும் என்பார்கள். பேசினால் ஓடவேண்டும்.

கல்யாணத்துக்கு முன் ஒருமுறை அது பேசாமலே இறங்கிவிட்டது. மாமாவின் தலை இரண்டு மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. ஆட்கள் வந்து எடுக்கிறவரைக்கும் அசையாமல் கிடந்தார். அசைந்தால் மேலே இருக்கிறது வரும். வெளியே கொண்டுவந்து பார்த்தால் உடம்பில் ஒரு கீறலில்லை. அதுதான் அவர் செய்த தப்பு.

"ஒரு வெரலாவது போயிருந்தா மேல ஆபீசுல பியூன் வேல குடுத்திருப்பாங்க மச்சான்" என்று என்னிடம் சொல்வார். "முழுசா வந்தவன முழுசா கீழதான் அனுப்புவாங்க."

அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. மேலே வந்துவிட வேண்டும். பெருக்குகிற வேலையானாலும் சரி, சூரியனைப் பார்த்துக்கொண்டு செய்கிற வேலையாக இருக்கவேண்டும். அதற்காக யார் யாரையோ பார்த்தார், கும்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவரை மேலே கூப்பிட்டது ஒரு ஓநாய்.

சுரங்கத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன பங்களாக்களில் சில பூட்டியே கிடந்தன. கணப்பு அடுப்பு, சுவரில் மான் கொம்பு, பின்புறம் பெயர் பொறித்த கல்லோடு நாய்க் கல்லறை, மார்கழியில் ஜன்னல் வரைக்கும் வந்து நிற்கும் மூடுபனி. மதராஸிலிருந்து வந்த சௌந்தரராஜன் என்ற படமுதலாளி இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். வாலிபத்தில் அவர் பார்த்த ஒரு இங்கிலீஷ் ஓநாய்ப் படத்தைத் தமிழில் எடுக்கவேண்டும் என்பது அவருடைய நீண்டநாள் நோய். சீமைக்கும் போகவேண்டாம், ஊட்டிக்கும் போகவேண்டாம். சீமையே பங்காருப்பேட்டைக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிறது.

படத்துக்கு 'ஓநாய் மாளிகை' என்று பெயர் வைத்தார். மூலக் கதையில் கதாநாயகன்தான் பௌர்ணமியன்று ஓநாயாக மாறுவான். நல்லவனுக்குள்ளேயே அது இருக்கிறது என்பதுதான் அந்தக் கதையின் உயிர். நம்முடைய கதாநாயகன் ஒப்பவில்லை. "ஊருக்கு ஊர் எனக்கு மன்றம் வச்சிருக்கான். நான் மயிர் முளைச்சு நாலு கால்ல போனா, அவன் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பான்?" என்று கேட்டாராம். ஆகவே சாபம் பங்களாவின் தோட்டக்காரன் மேல் இறங்கியது. சாபங்களுக்கு எப்போதும் தோதான இடம் தோட்டக்காரன்தான். படம் முழுக்க அவன் முகமூடியோடு வருவான். கடைசியில் கதாநாயகன் சுட்டதும், மயிர் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து, மனித முகம் தெரியும். அந்த ஒரே காட்சியில்தான் முகம்.

ஓநாய்க்கு மதராஸிலிருந்து இரண்டு சண்டை நடிகர்களைக் கூட்டி வந்திருந்தார்கள். கம்பளியும் ஆட்டுமயிரும் ஒட்டிய அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு விளக்குகளுக்கு முன்னால் நின்றதும் ஒருவர் மயங்கி விழுந்தார். மற்றவர் அதைப் பார்த்து ரயிலேறிவிட்டார். அப்புறம்தான் யாரோ, சூடு தாங்குகிற ஆள் வேண்டுமானால் லைனில் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பத்துப் பேர் போனார்கள். ஒவ்வொருவரையும் உடுப்பைப் போட்டு நிறுத்திப் பார்த்தார்கள். மாமாவின் முறை வந்தபோது, முகமூடிக்குள்ளிருந்து கேட்டார்:

"சார், இதோட பீடி பிடிக்கலாங்களா?"

அவரையே எடுத்துக்கொண்டார்கள்.

அவ்வளவு நாள் லீவு கொடுக்கமாட்டார்கள் என்பதால் மாமா சுரங்கத்தில் பெயரை வெட்டிக்கொண்டார். லைன் வீடு போயிற்று. சுரங்கத்தை ஒட்டிய ஆண்டர்சன்பேட்டையில் சின்னப்பா என்பவரின் மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரு அறைக்குக் குடிபோனார்கள். லீலா அக்காளுக்கு வீடு போனதுகூடப் பெரிதாகப் படவில்லை.

"பௌர்ணமி அன்னிக்கு நாம வெள்ள கட்டிக்கினு புத்தர் விஹாரத்துக்குப் போறோம். பஞ்சசீலம் சொல்றோம். அன்னிக்கா நீங்க மிருகமாவணும்? வேற நாளே கெடைக்கலியா அவுங்களுக்கு?"

"நானா மாறுறேன்? கதையில மாறுறான்" என்றார் மாமா.

"அந்தக் கதைய எழுதினவனுக்குப் பௌர்ணமின்னா இன்னான்னு தெரியுமா?"

"அவன் வெள்ளக்காரன்டி. அவனுக்கு நெலாவப் பாத்தா பயம். நமக்குப் பாறையப் பாத்தா பயம். இந்தப் படம் முடிஞ்சா அடுத்த படத்துல மூஞ்சியோட வேசம் குடுக்கறேன்னு மொதலாளி சொல்லிகீறாரு. அப்பால நான் கீழ போவ வேணாம். கேட்டுக்கோ, இனிமே கீழயே போவ வேணாம்."

இனிமேல் கீழே போகவேண்டாம் என்கிற புருஷனைத் தடுக்க லைனில் எந்தப் பெண்ணுக்கும் மனசு வராது.

காட்டுக் காட்சிகளைப் பூதிகோட்டைப் பக்கம் எடுத்தார்கள். ஓநாய் மயிர் அங்கிருக்கும் ஆட்டுக்காரர்களிடம் வாங்கியது. நன்றாகக் கழுவவில்லை போலிருக்கிறது. மாமா நாலு காலில் புதரை விட்டு வெளியே வந்ததும் ஊர் நாய்களெல்லாம் சேர்ந்து துரத்தின. அவர் பாறைமேல் ஏறி நின்று "ஏய், சூ, நான் மனுசன்டா" என்று கத்தினார். படத்தை முழுமனதோடு நம்பிய விமர்சகர்கள் அந்த நாய்கள் மட்டும்தான்.

ஓநாய் எப்படி நடக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சுரங்கத்தில் தாழ்வான இடங்களில் எப்படித் தவழ்ந்து போவாரோ அப்படியே போனார். நடு நடுவே நின்று, தரையில் உள்ளங்கையை ஊன்றி, தலையைச் சாய்த்துக் கேட்டார். பழக்கம். டைரக்டருக்கு அது பிடித்துவிட்டது. "அதை மட்டும் விட்டுராதே மாணிக்கம். அந்த மிருகம் எதையோ கேக்குது" என்றார்.

கடைசிக் காட்சியைப் பங்களாவின் கூடத்தில் எடுத்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது தங்கவயலிலேயே ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். காலையில் போய் உட்கார்ந்தவன் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. மாமாவைத் தரையில் படுக்கவைத்து, தலை அசையாமலிருக்க இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்தார்கள். கொஞ்சம் படம் பிடிப்பார்கள். நிறுத்தி, கொஞ்சம் மயிரை எடுப்பார்கள். மறுபடி பிடிப்பார்கள். இம்மி அசைந்தாலும் எல்லாம் வீண். அந்த இரண்டு கட்டைகளைப் பார்த்ததும் எனக்குச் சுரங்கத்தில் அவர் தலை மாட்டிக்கொண்ட இரண்டு மரங்கள் ஞாபகம் வந்தன.

கடைசி மயிரும் போனது. வெறும் முகம். டைரக்டர் மெதுவாக, "கண்ணைத் திற" என்றார்.

மாமா திறந்தார். டைரக்டருக்கு 'கட்' சொல்ல நேரமாயிற்று.

வெளியே வந்து பீடி பற்றவைத்ததும் கேட்டேன். "இன்னா நெனச்சிக்கினு தெறந்தீங்க மாமா?"

"அன்னிக்குக் கீழ கெடந்தேன்ல? மொதல்ல வெளிச்சந்தான் வந்துது மச்சான். அப்பாலதான் ஆளுங்க. அந்த வெளிச்சத்த நெனச்சிக்கினேன்."

படத்தை முதலில் தங்கவயலில் திரையிட்டு, சொந்த ஊர் ஜனங்கள் கொண்டாடுவதைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டவேண்டும் என்பது முதலாளியின் யோசனை. மதராஸ் விமர்சகர்களை ரயிலில் கூட்டிவந்து, பங்காருப்பேட்டையிலிருந்து பஸ் வைத்து, ராபர்ட்சன்பேட்டைக் கொட்டகையில் மாடியில் மெத்தை நாற்காலி போட்டு உட்காரவைத்தார். காலைக் காட்சி. கீழே பெஞ்சும் தரையுமாக எங்கள் ஜனம். முதல் ஷிப்டுக்காரர்களைத் தவிர மற்ற எல்லோரும் வந்துவிட்டார்கள். சாம்ராஜ் முதல் ஷிப்டு, கீழே இருந்தான்.

ஓநாய் முதல்முறை திரையில் வந்ததும் கொட்டகை இரண்டுபட்டது. ஒரே விசில்.

"தோளா பந்த்து! தோளா!" என்று கன்னடத்தில் ஒருவன்; ஓநாய் வந்துவிட்டதாம்.

"இன்னா மாணிக்கம், ஷிப்டு முடிஞ்சிதா? மூஞ்சி கழுவிக்கினு வாடா!"

"லீலாக்கா, இதுகூடவா குடித்தனம் பண்றே?"

அக்காள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மாமா புதுச்சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சட்டையின் மடிப்புக் கலையக்கூடாதென்று பெஞ்சில் சாயவே இல்லை.

கடைசிக் காட்சி வந்தது. திரையில் இடி, மழை. கதாநாயகன் சுட்டான். ஓநாய் விழுந்தது. கேமரா கிட்டே போனது. முகத்தில் முதல் அடுக்கு மயிர் மறைந்து, நெற்றி தெரிய ஆரம்பித்தது.

அப்போது பூமி ஆடியது.

சுரங்கத்தின் ஆழத்தில் பாறை வெடித்தால் எங்களுக்குக் காதில் கேட்காது, காலில்தான் தெரியும். சின்ன அதிர்வு என்றால் பானையைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்வோம். இது சின்னதல்ல. பெஞ்சுகள் தடதடத்தன. திரையில் ஓநாயின் நெற்றி மேலும் கீழும் குதித்தது. ஜனங்களின் சத்தம் அறுத்துவிட்டதுபோல் நின்றது. இருட்டில் ஒரு குரல் மட்டும், "எந்தப் பக்கம்?" என்றது. "கெழக்கால" என்றது இன்னொன்று.

எல்லோரும் எழுந்தார்கள். எங்கள் ஊரில் அதற்கு யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. சோறு வடித்துக்கொண்டிருந்தாலும், தாலி கட்டிக்கொண்டிருந்தாலும், பெரிய அதிர்வு வந்தால் விட்டது விட்டபடி ஷாஃப்டுக்குப் போய் நிற்கவேண்டும். கூச்சல் போடக்கூடாது, ஓடக்கூடாது. அழுதால் கெட்டதைக் கூப்பிட்ட மாதிரி. பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகினார்கள், குழந்தைகளைத் தூக்கினார்கள், நடந்தார்கள்.

மாமாவும் எழுந்துவிட்டார்.

"ஏங்க, உங்க மொகம்..." என்றாள் அக்காள். அவள் கண் திரையில் இருந்தது.

"சாம்ராஜு கீழ கீறான்" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

சாலை முழுக்க ஜனம். ஆண்டர்சன்பேட்டைக் கடைகளெல்லாம் அப்படியே திறந்து கிடந்தன. தராசில் பாதி நிறுத்த வெல்லம். தையல் கடையில் ஊசி குத்தியபடியே துணி. சின்னப்பாவின் மருந்துக்கடையில் டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது, எடுக்க ஆளில்லை. சின்னப்பா எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார், கையில் மூடி திறந்த டானிக் பாட்டிலோடு.

ஷாஃப்டுக்கு முன்னால் நின்றோம். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். நல்லவேளையாக அன்று ஆளில்லாத லெவலில் வெடித்திருக்கிறது. கடைசியாக சாம்ராஜ் வந்தான். அண்ணனைப் புதுச்சட்டையில் பார்த்ததும் முகம் முழுக்கப் பாறைத்தூளோடு கேட்டான்:

"இன்னாண்ணே, படம் அதுக்குள்ள வுட்டுட்டாங்களா?"

நின்ற ஜனமெல்லாம் சிரித்தது. மாமாதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாளை வரவில்லை. அதிர்வில் கொட்டகையின் மெஷின் அறையில் விரிசல் கண்டது என்று இரண்டு வாரம் மூடிவிட்டார்கள். மாடியிலிருந்த மதராஸ்காரர்கள் பூமி ஆடியதைத் திரையின் இடியோடு சேர்த்துக் கணக்குப் பண்ணிக்கொண்டு, முழுப்படமும் பார்த்துவிட்டு, அன்றைக்கே ரயிலேறியிருந்தார்கள்.

விமர்சனம் ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. சின்னப்பா கடைவாசலில் மாமாவுக்கும் அக்காளுக்கும் நான்தான் படித்துக் காட்டினேன். "'ஓநாய் மாளிகை' என்று பெயர்; ஓநாயும் இல்லை, மாளிகையும் இல்லை. ஆங்கிலக்காரன் தின்றுபோட்ட எலும்பில் நமக்குச் சூப்பு வைத்திருக்கிறார்கள்" என்று ஆரம்பித்தது. நாயகனுக்குள் இருக்கவேண்டிய மிருகத்தை வேலைக்காரன் தலையில் கட்டிய கோழைத்தனத்தைச் சாடியிருந்தார். அது நியாயம். அதற்கு அப்புறம்:

"ஓநாயாக வருபவர் அடிக்கடி நின்று, தரையில் கையூன்றித் தலையைச் சாய்க்கிறார்; விழுந்த சில்லறையைத் தேடுகிறாரோ? உச்சக்கட்டத்தில் அவர் முகம் தெரியத் தொடங்கியதும் நடந்ததை வாசகர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். அதுவரை அவருக்கு விசிலடித்த அதே ஊர் ஜனங்கள், ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து வெளியேறினார்கள். கூச்சலில்லை, கல்லெறியில்லை. ஒரு படத்தைத் தமிழ் ரசிகன் இத்தனை கண்ணியமாக நிராகரித்து நான் பார்த்ததில்லை. ஓநாய் நடிகரும் அவர்களோடு எழுந்து போனார் என்று அறிகிறேன். அவருடைய ரசனையைப் பாராட்டுகிறேன்."

அக்காள் கொதித்துப் போனாள். "ஏன், அவுரு ஊர்ல பூமியே ஆடாதா?"

மாமா பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கி, தலைகீழாகத் திருப்பி, மறுபடி நேராக்கிப் பார்த்தார். "மூஞ்சி தெரிஞ்சிதுன்னு எழுதிகீறாரு இல்ல மச்சான்? அப்ப அவுரு பாத்துகீறாரு."

"பாத்திருக்காரு மாமா."

"எப்டி இருந்துதுன்னு எழுதிகீறாரா?"

"இல்ல."

பத்திரிகையை மடித்துக் கொடுத்தார்.

பெங்களூர் இங்கிலீஷ் பத்திரிகையும் விமர்சகர்கள் திரும்பிப்போன பஸ்ஸில் கேட்டதை எழுதியது: உள்ளூர் மக்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்களாம். இரண்டு பாஷையிலும் படிக்கத் தெரிந்தவன் என்பதால் இரண்டையும் நான் படிக்கவேண்டி வந்தது. பாறை அன்றைக்கு ஒருவரையும் கொல்லவில்லை. படத்தை மட்டும் கொன்றது.

நானும் மாமாவும் மதராஸுக்குப் போனோம். நடந்ததைச் சொன்னால் திருத்தி எழுதுவார் என்று எனக்கு நம்பிக்கை. படித்தவன் நம்பிக்கை. விமர்சகர் எங்களுக்குக் காப்பி வரவழைத்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியா? பூமி ஆடித்தா? நான் சவுண்ட் எஃபெக்ட்னுல்ல நினைச்சேன்! அதைக்கூட நன்னாயிருக்குன்னு எழுதணும்னு இருந்தேன், இடமில்லே."

"திருத்தம் ஒண்ணு போட்டீங்கன்னா..."

"இதோ பாருங்க வாத்தியாரே. படம் பிடிச்சிருந்தா, பூமி ஆடினாலும் ஜனங்க உட்கார்ந்திருப்பா."

மாமா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க ஊர்ல இருக்கமாட்டாங்க சார்" என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

அங்கிருந்து முதலாளி சௌந்தரராஜனிடம் போனோம். அவர் அதற்குள் காரியத்தை முடித்திருந்தார். எந்தக் காட்சியில் ஜனம் எழுந்து போனதோ, அந்தக் காட்சியை எல்லாப் பிரதியிலும் வெட்டியாயிற்று. ஓநாய் விழுந்ததும் நேரே கதாநாயகனும் கதாநாயகியும் தோட்டத்தில் பாடுகிறார்கள்.

"வெட்டினது எங்க சார் கீது?" என்று கேட்டார் மாமா.

"எதுக்குய்யா?"

"ஒருவாட்டி பாக்கறதுக்கு."

"குப்பையில போயிருக்கும்" என்றார் முதலாளி. பிறகு, போகட்டும் என்பதுபோல, "ஒன் மூஞ்சியப் பாத்துத்தானேய்யா எழுந்து போனானுங்க. அத வச்சிக்கிட்டு அடுத்த படத்துல நான் என்ன பண்றது, நீயே சொல்லு" என்றார்.

ஆக, மாமாவின் முகத்தைத் திரையில் எங்கள் ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் மாடியில் மெத்தை நாற்காலியில் இருந்தவர்கள் மட்டும்.

பெயரை வெட்டிக்கொண்டவருக்குப் பழைய வேலை திரும்ப இல்லை. ஒரு காண்ட்ராக்டரிடம் கல் வாருகிற ஆளாகப் புதிதாகச் சேர்ந்தார். அவர் வேலை சொல்லிக்கொடுத்த பையன்களெல்லாம் டிம்பர்மேன் ஆகியிருந்தார்கள். அவர்கள் நிறுத்திய முட்டுக்குக் கீழே இவர் குனிந்து வாரினார். "தோளா மாமா" என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆண்டர்சன்பேட்டையில் சாப்பிட மறுக்கிற பிள்ளைகளிடம், "தோளா மாமா ஷிப்டு முடிஞ்சி வராரு பாரு" என்று தாய்மார்கள் சொல்வார்கள். மாமாவும் பல்லைக் காட்டிவிட்டுப் போவார். கேலி செய்தவர்களில் ஒருவர்கூடக் கெட்டவரில்லை. அவர்களோடுதான் அவர் ஷாஃப்டுக்கு நடந்தார்.

பௌர்ணமிக்கு விஹாரம் போவதை மட்டும் நிறுத்திவிட்டார். அக்காள் தனியாக வெள்ளை உடுத்திக்கொண்டு போனாள்.

நான் இங்கே வந்து வருஷங்களாயிற்று. பேப்பரில் 'மைன்' என்ற எழுத்து எந்த மூலையில் தென்பட்டாலும், அது வேல்ஸில் நிலக்கரியாக இருந்தாலும், கடைசி வரி வரை படிக்காமல் விடமாட்டேன். அக்காள் கடிதத்தில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: மாமா இன்னும் கீழேதான் போய்க்கொண்டிருக்கிறார். இப்போது இருமல் வேறு.

பெரியசாமி சிரித்த மறுநாள், அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. படத்தின் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"இருங்க, இருங்க. 'ஓநாய் மாளிகை'யா? அத நான் ஈப்போவில பாத்திருக்கேன்லா! அந்தக் கதை இந்தப் படத்தோடதுன்னு எனக்குத் தெரியாது. கடைசில மயிரெல்லாம் போயி, ஒரு ஆளு கண்ணத் தொறப்பாரே..."

"அது இருந்துதா?"

"இருந்துச்சே!"

வெட்டுவதற்கு முன்பே மலேயாவுக்குக் கப்பலில் போன பிரதி. யாரும் திரும்பக் கேட்கவில்லை.

"படம் குப்பைதான், சும்மா சொல்லக்கூடாது" என்றார் பெரியசாமி. "ஆனா அந்த மூஞ்சி... இருட்டுல கிடக்கிறவனுக்கு யாரோ விளக்கக் கொண்டாந்த மாதிரி தொறந்தாருங்க. எங்க அம்மா பக்கத்துல அழுதாங்க. எங்க கொட்டகையில ஒருத்தன் எழுந்து போகல."

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கடிதம் எழுதலாம். எழுதினால் அக்காள் படித்துக் காட்டுவாள். அந்த நேரத்தில் மாமா என்ன சொல்கிறார் என்பது எனக்குக் கேட்காது. எனக்குக் கேட்கவேண்டும். சனிக்கிழமை காலையில் சின்னப்பாவின் மருந்துக்கடைக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். அங்கே மத்தியானம் தாண்டியிருக்கும். முதல் ஷிப்டு முடிந்து மாமா வருகிற நேரம். அந்தக் கடை பகலில் மூடியதாகச் சரித்திரமில்லை. மணி ஒருதரம் அடித்ததும் சின்னப்பா எடுத்து, "யாரு, லண்டனா?" என்பார். அவர் இல்லாவிட்டால் மாத்திரை வாங்க வந்தவராவது எடுத்து, "லீலாம்மா, ஒந்தம்பி!" என்று கொல்லைப்பக்கம் குரல் கொடுப்பார்.

என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மாமா, உங்க மொகத்தப் பாத்தவரு ஒருத்தரு என்கூட வேல செய்றாரு. ஒருத்தரும் எழுந்து போவலியாம் மாமா.

லைன் கிடைத்தது. லண்டன் எக்ஸ்சேஞ்சுப் பெண் பம்பாயிடம் பேசினாள், பம்பாய் பெங்களூரிடம். கடைசியாகத் தொலைவில், தண்ணீருக்கு அடியில் அடிப்பதுபோல, மணி அடிக்கத் தொடங்கியது.

அடித்தது. எடுக்கவில்லை.

சின்னப்பா சாப்பிடப் போயிருப்பார் என்று நினைத்தேன். அவர் கடையிலேயே சாப்பிடுகிறவர். கூட்டமாக இருக்கும் என்று நினைத்தேன். கூட்டமிருந்தால் யாராவது எடுப்பார்கள். அந்தக் கடையில் எடுக்க ஆளில்லாமல் மணி அடித்து நான் கேட்டது ஒரே ஒரு நாள்தான். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். என் காலடியில் தரை அசையாமல் இருந்தது. இந்த ஊரில் தரை அசையவே அசையாது. ஏன் என்று தெரியாமல் குனிந்து, விரிப்பை விலக்கி, தரையில் உள்ளங்கையை வைத்திருந்தேன்.

"No reply, sir" என்றாள் பெங்களூர்ப் பெண். பிறகு என் பெயரைப் பார்த்தாளோ என்னவோ, தமிழிலேயே கேட்டாள்: "கட் பண்ணிடட்டுங்களா சார்? அங்க யாருமே இல்ல போலிருக்கு."

"வேண்டாம்மா. அடிக்கட்டும்" என்றேன்.

மணி அடித்துக்கொண்டிருந்தது.